முதலில் சிரித்தார்கள்... பிறகு தலையில் தூக்கி வைத்தார்கள்! கேன்சர் கட்டியின் ரத்த சப்ளையை நிறுத்தச் சொன்ன டாக்டர் ஜூடா ஃபோக்மேன் யார்?

கேன்சருக்கு மருந்து கண்டுபிடிச்சாச்சு, இன்னும் 2 வருஷத்துல இந்த நோயே இருக்காது... இப்படி ஒரு ஃபார்வர்டு உங்க ஃபேமிலி குரூப்புக்கும் ஒரு தடவையாவது வந்திருக்கும். வாட்ஸ்அப் எல்லாம் வருவதற்கு ரொம்ப முன்னாடி, 1998 மே மாதத்தில், கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு செய்தி அமெரிக்காவையே உலுக்கியது. அந்தச் செய்திக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர் பாஸ்டன் நகரத்தைச் சேர்ந்த ஒரு குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணர். பெயர் ஜூடா ஃபோக்மேன்.

அதற்கு 27 வருடம் முன்பு அவர் சொன்னதைக் கேட்க ஆளில்லை. 1998-ல் அவர் சொல்லாததையும் சேர்த்து நம்பினார்கள். ஆனால் இன்று பெருங்குடல், சிறுநீரகம், கல்லீரல் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் சில முக்கியமான மருந்துகளுக்கும், சர்க்கரை நோயாளிகளுக்குக் கண்ணில் போடப்படும் ஊசிக்கும் பின்னால் இருப்பது அவருடைய யோசனைதான். அந்த யோசனை என்ன? அது உண்மையில் எவ்வளவு தூரம் வேலை செய்தது? பார்க்கலாம்.

யார் இந்த ஃபோக்மேன்?

1933 பிப்ரவரி 24-ம் தேதி அமெரிக்காவின் ஒஹையோ மாநிலம் கிளீவ்லேண்டில் பிறந்தவர் ஜூடா ஃபோக்மேன். அப்பா ஒரு ரப்பி, அதாவது யூத மதகுரு. ஆஸ்பத்திரியில் இருக்கும் நோயாளிகளைப் பார்த்து ஆறுதல் சொல்வதும், அவர்களுக்காகப் பிரார்த்தனை செய்வதும் அவருடைய வேலையில் ஒரு பகுதி. சின்ன வயதில் ஃபோக்மேனும் கூடவே போவார். பிரார்த்தனையோடு சேர்த்து சிகிச்சையும் கொடுக்க முடிந்தால் நல்லா இருக்குமே என்று அந்தப் பையனுக்குத் தோன்றியது. அப்பா வழியில் மதகுரு ஆகாமல், டாக்டர் ஆகப்போவதாக முடிவு செய்தார். அப்பாவும் தடுக்கவில்லை.

ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பட்டம். அடுத்து ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி. அங்கே மாணவராக இருக்கும்போதே, உடலுக்குள் பொருத்தக்கூடிய ஆரம்பகால பேஸ்மேக்கர் ஒன்றை உருவாக்கி விருதுகள் வாங்கினார். 1957-ல் எம்.டி. முடித்தார். பிறகு மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைப் பயிற்சி. எல்லாரும் எதிர்பார்த்தது ஒரு திறமையான சர்ஜன். அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது, கடற்படைக்குப் போகும் வரை.

கடற்படை ஆய்வகத்தில் கிடைத்த க்ளூ

1960-ல் ஃபோக்மேன் அமெரிக்கக் கடற்படையில் பணிக்குச் சேர்ந்தார். மேரிலாந்து மாநிலம் பெத்தெஸ்டாவில் உள்ள கடற்படை மருத்துவ மையத்தில் ஆராய்ச்சி வேலை. அணுசக்தியில் ஓடும் விமானந்தாங்கிக் கப்பல்கள் மாதக்கணக்கில் கடலில் இருக்கும். அத்தனை நாள் ரத்தத்தைக் கெடாமல் வைத்திருப்பது கஷ்டம். எனவே ரத்தத்துக்கு மாற்றாக ஒரு திரவம் வேண்டும் என்பது கடற்படையின் தேவை.

ஃபோக்மேனும் சக ஆராய்ச்சியாளர் ஃபிரடெரிக் பெக்கரும் அதைச் சோதிக்க ஒரு வழி செய்தார்கள். விலங்கிலிருந்து எடுத்த தைராய்டு சுரப்பியைக் கண்ணாடிக் கலத்துக்குள் வைத்து, அந்த மாற்றுத் திரவத்தை அதற்குள் ஓடவிட்டார்கள். சுரப்பி உயிரோடு இருந்தது. சரி, இதற்குள் செல்கள் வளருமா என்று பார்க்க, வேகமாக வளரக்கூடிய புற்றுநோய் செல்களை அதில் போட்டார்கள்.

இங்கதான் ட்விஸ்ட். கட்டி வளர ஆரம்பித்தது. ஆனால் 1, 2 மில்லிமீட்டர் அளவு வந்ததும் அப்படியே நின்றுவிட்டது. குண்டூசித் தலை அளவுதான். செத்துவிட்டதா என்று பார்த்தால் அதுவும் இல்லை. அதே கட்டியை எடுத்து உயிருள்ள எலிக்குள் வைத்ததும் கிடுகிடுவென வளர்ந்தது.

கண்ணாடிக் கலத்தில் நின்றது, எலிக்குள் வளர்ந்தது. என்ன வித்தியாசம்? எலியின் உடம்பில் அந்தக் கட்டிக்குள் புதிய ரத்தக் குழாய்கள் நுழைந்திருந்தன. கண்ணாடிக் கலத்தில் அது நடக்கவில்லை.

இதே கடற்படை நாட்களில் இன்னொரு கண்டுபிடிப்பும் நடந்தது. டேவிட் லாங் என்பவரோடு சேர்ந்து, சிலிக்கோன் ரப்பர் குழாய்க்குள் மருந்தை அடைத்து உடம்பில் வைத்தால் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வெளியே வரும் என்று காட்டினார். பின்னாளில் பெண்களின் கையில் தோலுக்கடியில் வைக்கும் நார்பிளான்ட் என்ற கருத்தடை சாதனத்துக்கு இதுதான் அடிப்படை.

ஆனால் ஃபோக்மேன் மனதைவிட்டுப் போகாதது அந்த குண்டூசித் தலை கட்டிதான்.

அவர் சொன்னது என்ன?

1967-ல், 34 வயதில், பாஸ்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரியின் தலைமை அறுவை சிகிச்சை நிபுணர் ஆனார் ஃபோக்மேன். அடுத்த ஆண்டு ஹார்வர்டில் பேராசிரியர் பதவி. பகலில் ஆபரேஷன் தியேட்டர், மிச்ச நேரமெல்லாம் ஆய்வகம் என்று ஓடினார்.

1971 நவம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் அவருடைய கட்டுரை வெளியானது. சாராம்சத்தை சிம்பிளாகச் சொன்னால் இதுதான்.

ஒன்று: எந்தக் கட்டிக்கும் ஆக்சிஜனும் உணவும் வேண்டும். ரொம்பச் சின்னதாக இருக்கும்வரை பக்கத்திலிருந்து கசிந்து வருவதே போதும். 2, 3 மில்லிமீட்டரைத் தாண்டி வளர வேண்டுமானால் சொந்தமாக ரத்தக் குழாய் தேவை.

இரண்டு: அந்தக் குழாய் தற்செயலாக வருவதில்லை. கட்டியே ஒரு வேதிப்பொருளைச் சுரந்து, பக்கத்தில் இருக்கும் ரத்தக் குழாய்களைத் தன்னை நோக்கிக் கிளைவிட வைக்கிறது. புதிதாக வீடு கட்டுகிறவர் தெருவில் போகும் மெயின் பைப்பிலிருந்து தனக்கு ஒரு லைன் இழுத்துக்கொள்வது மாதிரி.

மூன்று: அந்த லைனைப் போடவிடாமல் தடுத்துவிட்டால்? கட்டி குண்டூசித் தலை அளவிலேயே நின்றுவிடும்.

புதிய ரத்தக் குழாய்கள் உருவாவதற்கு மருத்துவத்தில் ஆஞ்சியோஜெனிசிஸ் என்று பெயர். இது கெட்ட விஷயம் கிடையாது. தாயின் வயிற்றில் குழந்தை வளரும்போது நடக்கிறது. புண் ஆறும்போது நடக்கிறது. பெண்களுக்கு மாதவிடாய் சுழற்சியில் கர்ப்பப்பையில் நடக்கிறது. மற்றபடி பெரியவர்களின் உடம்பில் ரத்தக் குழாய்கள் பெரும்பாலும் புதிதாக முளைப்பதில்லை. அதனால் இதைத் தடுத்தால் கட்டிக்கு அடி விழும், மற்ற உறுப்புகளுக்குப் பெரிய பாதிப்பு இருக்காது என்பது ஃபோக்மேனின் கணக்கு.

ஏன் யாரும் நம்பவில்லை?

அந்தக் காலத்தில் புற்றுநோய்க்கு எதிரான போர் முழுக்க முழுக்க புற்றுநோய் செல்லையே குறிவைத்தது. அதை வெட்டு, கதிர்வீச்சில் சுடு, கீமோ கொடுத்துக் கொல்லு. கட்டியை விட்டுவிட்டு, அதற்குப் போகும் குழாயைப் பற்றிப் பேசியவரை விசித்திரமாகத்தான் பார்த்தார்கள். கட்டியைச் சுற்றி ரத்தக் குழாய் இருப்பது வெறும் அழற்சி, அதாவது உடம்பின் வீக்க எதிர்வினை. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை என்பதுதான் பலரின் வாதம்.

இன்னொரு காரணமும் உண்டு. ஆய்வகத்தில் இருப்பவர்கள் பார்ப்பது உடம்பிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டு, ரத்தம் வடிந்து வெளுத்துப்போன கட்டியை. சர்ஜன் பார்ப்பது உயிருள்ள உடம்பில், தொட்டாலே ரத்தம் கொட்டும் கட்டியை. ஃபோக்மேன் இரண்டாவது ரகம். அவர் கண்ணால் பார்த்ததை, அடிப்படை அறிவியல் தெரியாத ஒரு சர்ஜனின் கற்பனை என்று ஒதுக்கினார்கள். கருத்தரங்குகளில் அவர் பேச எழுந்தால் பலர் அரங்கைவிட்டு வெளியே போவது வழக்கமானது. ஆராய்ச்சி நிதி கேட்டு அனுப்பிய விண்ணப்பங்கள் திரும்பி வந்தன.

முயலின் கண்ணில் கிடைத்த ஆதாரம்

வாதம் செய்து பயனில்லை, கண்ணால் பார்க்க வைக்க வேண்டும் என்று புரிந்துகொண்டார் ஃபோக்மேன். அதற்கு ஏற்ற இடம் கண். ஏனென்றால் கருவிழியின் முன்பக்கக் கண்ணாடி போன்ற படலத்தில், அதாவது கார்னியாவில், ரத்தக் குழாயே கிடையாது.

அவருடைய ஆய்வகத்தில் இருந்த மைக்கேல் ஜிம்ப்ரோனும் மற்றவர்களும் முயலின் கார்னியாவில் துளியூண்டு கட்டியை வைத்தார்கள். கண்ணின் ஓரத்தில் இருந்த ரத்தக் குழாய்கள் அந்தக் கட்டியை நோக்கி வரிசையாக வளர்ந்து வந்தன. அவை வந்து தொட்டதும் கட்டி பெரிதாக வளர ஆரம்பித்தது. அதே கட்டியைக் கண்ணுக்குள் இருக்கும் நீரில் மிதக்கவிட்டால், குழாய் எட்டாத அந்த இடத்தில், அது சின்னதாகவே கிடந்தது.

அடுத்த கேள்வி, குழாய் வளர்வதைத் தடுக்கும் பொருள் இயற்கையில் எங்காவது இருக்கிறதா? ரத்தக் குழாய் இல்லாத இன்னொரு திசு குருத்தெலும்பு. 1974-ல் ஃபோக்மேன் ஆய்வகத்தில் ராபர்ட் லாங்கர் என்ற இளம் கெமிக்கல் இன்ஜினீயர் சேர்ந்தார். கன்றுக்குட்டியின் குருத்தெலும்பை மூட்டை மூட்டையாக வாங்கி வந்து பிரித்தெடுத்து, அதில் குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள் இருப்பதை 1976-ல் காட்டினார்கள். இந்த லாங்கர் யார் தெரியுமா? பல வருடம் கழித்து, கொரோனா தடுப்பூசி தயாரித்த மாடர்னா நிறுவனத்தின் இணை நிறுவனர்களில் ஒருவர்.

இந்த ஆராய்ச்சிக்கு ஒரு பக்கவிளைவும் வந்தது. சுறா மீனின் எலும்புக்கூடு முழுக்கக் குருத்தெலும்பு. அதனால் சுறாவுக்குக் கேன்சர் வராது, சுறா குருத்தெலும்பு மாத்திரை சாப்பிட்டால் நமக்கும் குணமாகும் என்று 1990-களில் அமெரிக்காவில் ஒரு வியாபாரமே நடந்தது. உண்மையில் சுறாவுக்கும் கேன்சர் வரும். மனிதர்களிடம் நடத்திய சோதனைகளில் அந்த மாத்திரைகளால் பலன் எதுவும் தெரியவில்லை. அரைகுறை அறிவியல் எப்படிக் காசாகிறது என்பதற்கு இது ஒரு பாடம்.

கத்தியை வைத்துவிட்டு...

1974-ல் ரசாயன நிறுவனமான மான்சான்டோ, ஹார்வர்டோடு சுமார் 2.3 கோடி டாலருக்கு ஓர் ஒப்பந்தம் போட்டது. ஃபோக்மேனின் ஆராய்ச்சிக்கு அதில் பணம் கிடைத்தது. ஒரு பல்கலைக்கழகம் இப்படி ஒரு கம்பெனியிடம் பெரிய தொகை வாங்குவது அப்போது புதுசு. அதற்கும் விமர்சனம் கிளம்பியது.

1981-ல் தலைமை சர்ஜன் பதவியைவிட்டு விலகி, முழு நேரமும் ஆராய்ச்சிக்கு வந்தார் ஃபோக்மேன். ஒரு சர்ஜனுக்கு அது சின்ன முடிவு அல்ல. இத்தனைக்கும் அப்போது, அவர் 1971-ல் சொன்ன அந்த வேதிப்பொருளை யாரும் பிரித்தெடுத்திருக்கவில்லை.

பலன் அதற்குப் பிறகுதான் வந்தது. 1984-ல் அவருடைய சகாக்கள் மைக்கேல் கிளாக்ஸ்பிரனும் யூயென் ஷிங்கும் கட்டியிலிருந்து ரத்தக் குழாயை வளர வைக்கும் ஒரு புரதத்தைச் சுத்தமாகப் பிரித்தெடுத்தார்கள். 1989-ல் கலிஃபோர்னியாவின் ஜெனென்டெக் நிறுவனத்தில் நெப்போலியோன் ஃபெராரா, இன்னும் முக்கியமான ஒரு புரதத்தின் மரபணுவைக் கண்டுபிடித்தார். அதன் பெயர் வி.இ.ஜி.எஃப். அதே புரதத்தை 1983-லேயே பாஸ்டனில் ஹெரால்ட் துவோராக் வேறு பெயரில் அடையாளம் கண்டிருந்தார். ரத்தக் குழாயிடம், இந்தப் பக்கம் வா என்று சிக்னல் கொடுப்பது இந்தப் புரதம்தான். ஃபோக்மேன் சொன்ன வேதிப்பொருள் கற்பனை இல்லை என்பது உறுதியானது.

உலகத்தையே பயமுறுத்திய மாத்திரை, மருந்தான கதை

1994-ல் ஃபோக்மேன் ஆய்வகத்தில் ராபர்ட் டி அமாட்டோ ஒரு விஷயத்தைக் கவனித்தார். 1950-களின் கடைசியில் கர்ப்பிணிகளுக்கு வாந்தி நிற்கக் கொடுக்கப்பட்ட தாலிடோமைடு மாத்திரை உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். அதனால் கை, கால் வளராமல் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிறந்தார்கள். 1961-ல் அது தடைசெய்யப்பட ஆரம்பித்தது.

கை, கால் ஏன் வளரவில்லை? கருவில் ரத்தக் குழாய் வளர்வதை அந்த மாத்திரை தடுத்திருக்கலாம் இல்லையா? சோதித்துப் பார்த்ததில், குழாய் வளர்ச்சியை அது தடுப்பது உண்மைதான் என்று தெரிந்தது. அதன் பிறகு மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கு, வேறு வழியே இல்லாத நோயாளிகளிடம் இது முயற்சி செய்யப்பட்டது. 1999-ல் வெளியான ஆய்வில், 84 பேரில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்குப் பலன் தெரிந்தது. 2006-ல் அமெரிக்க அரசு இந்த நோய்க்கு அதை அதிகாரப்பூர்வமாக அனுமதித்தது. ரத்தக் குழாயைத் தடுப்பதோடு வேறு வழிகளிலும் இது வேலை செய்கிறது என்பது இப்போது தெரியும். கர்ப்பிணிகள் இதைத் தொடவே கூடாது என்பது மட்டும் மாறவில்லை.

1998 மே 3: அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது?

சர்ஜன்களுக்கு நெடுநாளாக ஒரு குழப்பம் உண்டு. சில நோயாளிகளிடம் பெரிய கட்டியை வெட்டி எடுத்ததும், வேறு இடத்தில் தூங்கிக்கொண்டிருந்த சின்னக் கட்டிகள் திடீரென வளர ஆரம்பிக்கும். ஏன்? பெரிய கட்டியே ஏதோ ஒரு பொருளைச் சுரந்து சின்னக் கட்டிகளை அடக்கி வைத்திருக்கிறதோ என்று யோசித்தார் ஃபோக்மேன்.

அவருடைய மாணவர் மைக்கேல் ஓ ரெய்லி, கட்டி உள்ள எலிகளின் சிறுநீரைச் சேகரித்து அந்தப் பொருளைத் தேடினார். பொறுமைக்கே சோதனை வைக்கும் வேலை. 1994-ல் ஆஞ்சியோஸ்டாடின், 1997-ல் எண்டோஸ்டாடின் என்று இரண்டு புரதங்கள் வெளிச்சத்துக்கு வந்தன. எலிகளுக்கு இவற்றைக் கொடுத்ததும் கட்டிகள் சுருங்கின. 1997 நவம்பரில் நேச்சர் இதழில் முடிவுகள் வந்தன. நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையும் அப்போதே செய்தி போட்டது. உள்பக்கத்தில் வந்ததால் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து, 1998 மே 3 ஞாயிற்றுக்கிழமை, அதே பத்திரிகை முதல் பக்கத்தில் இதைப் போட்டது. டி.என்.ஏ. வடிவத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சன், இன்னும் 2 வருடத்தில் ஃபோக்மேன் கேன்சரைக் குணப்படுத்திவிடுவார் என்று சொன்னதாக அதில் இருந்தது. தான் அப்படிச் சொல்லவில்லை என்று வாட்சன் பிறகு மறுத்தார். ஆனால் செய்தி பரவிவிட்டது.

மறுநாள் ஷேர் மார்க்கெட் திறந்தபோது, இந்த மருந்தைத் தயாரிக்க உரிமை வைத்திருந்த என்ட்ரிமெட் என்ற சின்ன கம்பெனியின் பங்கு 12 டாலரிலிருந்து 85 டாலருக்குத் தாவியது. அன்று மாலை சுமார் 52 டாலரில் முடிந்தது. புதிய கண்டுபிடிப்பு எதுவும் அந்த வாரம் நடக்கவில்லை. ஐந்து மாதப் பழைய செய்தி முதல் பக்கத்துக்கு வந்தது, அவ்வளவுதான்.

டி.வி. சேனல்கள் வரிசைகட்டின. ஆஸ்பத்திரிக்கும் டாக்டர்களுக்கும் போன் மேல் போன். சிலர் கீமோவை நிறுத்திவிட்டு இந்த மருந்துக்காகக் காத்திருக்கலாமா என்று கேட்டார்கள். மனிதர்களுக்கு ஊசி போட ஒரு டோஸ்கூட அப்போது தயாராக இல்லை. ஃபோக்மேன் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: இது எலிகளில் கிடைத்த முடிவு, மனிதர்களைப் பற்றி இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது. அந்த எச்சரிக்கை தலைப்புச் செய்தி ஆகவில்லை.

அதே ஆண்டு நவம்பரில் அலை திரும்பியது. அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆய்வகத்தில் எண்டோஸ்டாடின் சரியாக வேலை செய்யவில்லை என்று செய்தி வந்தது. மே மாதம் கொண்டாடியவர்களே சந்தேகப்பட்டார்கள். பிறகு அந்த நிறுவனத்தின் விஞ்ஞானிகள் பாஸ்டனுக்கே வந்து, ஃபோக்மேன் ஆய்வகத்தில் அதே சோதனையைச் செய்து, எலிகளில் அது வேலை செய்வதை 1999-ல் உறுதி செய்தார்கள்.

ஆனால் மனிதர்களிடம்? 1999-ல் தொடங்கிய சோதனைகளில் எண்டோஸ்டாடின் பாதுகாப்பானது என்று தெரிந்தது. எதிர்பார்த்த மாதிரி கட்டிகள் சுருங்கவில்லை. என்ட்ரிமெட் சில ஆண்டுகளில் அதைக் கைவிட்டது. அதன் மாற்றப்பட்ட வடிவம் ஒன்றுக்கு 2005-ல் சீனாவில் நுரையீரல் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது. முதல் பக்கத்தில் வந்த அதிசய மருந்தின் கதை இவ்வளவுதான்.

அப்போ ஃபோக்மேன் தோற்றாரா?

இல்லை. யோசனை ஜெயித்தது, வேறொரு மருந்தின் வழியாக.

வி.இ.ஜி.எஃப். புரதத்தைப் பிடித்து முடக்கும் ஆன்டிபாடியை ஃபெராராவின் குழு உருவாக்கியது. அதுதான் பெவசிஸுமாப், அவாஸ்டின் என்ற பெயரில் விற்கப்படும் மருந்து. பரவிய நிலையில் இருந்த பெருங்குடல் புற்றுநோயாளிகள் 800-க்கும் மேற்பட்டவர்களிடம் பெரிய சோதனை நடந்தது. கீமோ மட்டும் எடுத்தவர்கள் வாழ்ந்த காலத்தின் இடைநிலை அளவு 15.6 மாதம். கீமோவோடு இதையும் சேர்த்து எடுத்தவர்களுக்கு 20.3 மாதம். 2004 பிப்ரவரியில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. 1971 கட்டுரைக்கும் இதற்கும் நடுவில் 33 வருடம்.

அடுத்தடுத்து மாத்திரைகளும் வந்தன. 2005 டிசம்பரில் சோராஃபெனிப், 2006 ஜனவரியில் சுனிட்டினிப். வி.இ.ஜி.எஃப். கொடுக்கும் சிக்னலை ரத்தக் குழாய் செல் வாங்கிக்கொள்ளாமல் தடுப்பது இவற்றின் வேலைகளில் ஒன்று. சிறுநீரகப் புற்றுநோய் சிகிச்சையையே இவை மாற்றின.

கிட்டத்தட்ட 5 மாதம் கூடுதல் வாழ்க்கை. இது பெரிதா, சின்னதா? மகள் கல்யாணத்தைப் பார்க்கக் காத்திருக்கும் ஒருவருக்குப் பெரிது. 2 வருடத்தில் நோயே ஒழியும் என்று நம்பியவருக்கு ஏமாற்றம்.

ஏன் முழுசாகக் குணமாகவில்லை?

கட்டி ஒரே ஒரு சிக்னலை நம்பி இருப்பதில்லை. வி.இ.ஜி.எஃப். வழியை அடைத்தால், கொஞ்ச நாளில் வேறு புரதத்தை வைத்து வேறு வழியில் குழாய் இழுக்கிறது. சில கட்டிகள் ஏற்கெனவே இருக்கும் நல்ல குழாய்களை ஒட்டியே வளர்ந்துவிடுகின்றன.

இன்னொரு விளக்கம் தந்தவர் இந்தியாவில் பிறந்து, ஐ.ஐ.டி. கான்பூரில் படித்து, பாஸ்டனில் ஆராய்ச்சி செய்யும் ராகேஷ் ஜெயின். கட்டிக்குள் இருக்கும் குழாய்கள் கோணல்மாணலாக, ஓட்டை விழுந்து கசியும். இந்த மருந்துகள் ஆரம்பத்தில் அவற்றை ஓரளவு சீராக்குகின்றன, அதனால் கீமோ மருந்து கட்டிக்குள் நன்றாகப் போய்ச் சேருகிறது என்று 2001-ல் அவர் சொன்னார். லைனை கட் பண்ணத்தான் மருந்து என்று நினைத்தால், அது முதலில் லைனை ரிப்பேர் பண்ணுகிறது! பெவசிஸுமாப் பெரும்பாலும் தனியாகக் கொடுக்கப்படாமல், கீமோவோடு சேர்த்துக் கொடுக்கப்படுவதை இது புரியவைக்கிறது. 2020 முதல் கல்லீரல் புற்றுநோய்க்கு இம்யூனோதெரபி மருந்தான அட்டெசோலிஸுமாபோடு சேர்த்தும் இது தரப்படுகிறது.

பாதிப்பே இருக்காது என்ற கணக்கும் முழுசாகச் சரியாகவில்லை. ரத்த அழுத்தம் ஏறலாம். சிறுநீரில் புரதம் போகலாம். ரத்தக்கசிவோ, ரத்தம் உறைதலோ வரலாம். அபூர்வமாகக் குடலில் ஓட்டை விழலாம். புண் ஆறுவதற்கும் புதிய குழாய் வேண்டும் அல்லவா? அதனால் பெரிய ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் குறைந்தது 28 நாள் பெவசிஸுமாப் தரக்கூடாது. இந்த மருந்து எடுப்பவர்கள் பல் பிடுங்கப் போனால்கூட டாக்டரிடம் முதலில் சொல்லிவிட வேண்டும்.

எல்லாப் புற்றுநோய்க்கும் இது பலிக்கவும் இல்லை. 2008-ல் மார்பகப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் கிடைத்த அனுமதி, ஆயுள் நீள்வதாக நிரூபணம் ஆகாததால் 2011-ல் ரத்தானது.

கண்ணுக்குக் கிடைத்த வெளிச்சம்

முயலின் கண்ணில் தொடங்கிய ஆராய்ச்சி, கடைசியில் மனிதரின் கண்ணுக்கே வந்தது. வயதானவர்களுக்கு விழித்திரையின் நடுப்பகுதியில் கசியும் குழாய்கள் முளைத்துப் பார்வை போகும். சர்க்கரை நோயாளிகளுக்கும் விழித்திரையில் நீர் கோத்துக்கொள்ளும். இரண்டுக்கும் பின்னால் அதே வி.இ.ஜி.எஃப். உண்டு. அதைத் தடுக்கும் ஊசியைக் கண்ணுக்குள் போட்டால் பார்வையைக் காப்பாற்ற முடிகிறது.

2006-ல் இதற்கென்றே லூசென்டிஸ் வந்தது. அமெரிக்காவில் அப்போது ஒரு டோஸ் சுமார் 2,000 டாலர். கேன்சருக்கான அவாஸ்டினைச் சின்னச் சின்ன சிரிஞ்சில் பிரித்துப் போட்டால் சுமார் 50 டாலர்தான் ஆனது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பலன் தருகின்றன என்று 2011-ல் வெளியான ஒப்பீட்டு ஆய்வு காட்டியது. நம்ம ஊரில் சுகர் பேஷன்ட்டுகளுக்குக் கண் டாக்டர் ஊசி போடணும் என்று சொல்வது பெரும்பாலும் இந்த ரக மருந்தைத்தான்.

விலை விஷயத்தில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. சோராஃபெனிப் மாத்திரைக்கு இங்கே மாதம் சுமார் 2.8 லட்சம் ரூபாய் ஆனது. 2012 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் வரலாற்றிலேயே முதல்முறையாகக் கட்டாய உரிமம் கொடுத்து, நாட்கோ நிறுவனம் அதை மாதம் 8,880 ரூபாய்க்கு விற்க வழிசெய்தது. பேயர் நிறுவனத்தின் மேல்முறையீட்டை விசாரித்து அந்த உத்தரவை 2013-ல் உறுதி செய்தது, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம்.

கடைசிப் பயணம்

இந்த வழக்குகளைப் பார்க்க ஃபோக்மேன் இல்லை. 2008 ஜனவரி 14-ம் தேதி, கனடாவின் வான்கூவரில் நடக்கவிருந்த கருத்தரங்குக்குப் போகும் வழியில், டென்வர் விமான நிலையத்தில் மாரடைப்பால் இறந்தார். வயது 74. நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவே இல்லை.

அவருடைய வாழ்க்கையிலிருந்து நம்ம மாதிரி செய்தி பார்க்கிறவர்கள் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. அடுத்த தடவை கேன்சருக்கு மருந்து ரெடி என்று ஒரு செய்தி வந்தால், ஷேர் பண்ணுவதற்கு முன்னால் மூன்று விஷயம் பாருங்க. சோதனை நடந்தது எலியிலா, மனிதரிடமா? எந்த வகைக் கேன்சர், எத்தனை பேரிடம் பார்த்தார்கள்? நோயாளிகள் கூடுதலாக எத்தனை மாதம் வாழ்ந்தார்கள்?

இந்த மூன்றுக்கும் அந்தச் செய்தியில் பதில் இல்லை என்றால், நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை நிறுத்த வேண்டாம். செய்தியை எடுத்துக்கொண்டு உங்கள் டாக்டரிடமே கேளுங்கள்.